பெருந்தொற்றும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. கொரோனாவில் பகல்நேர மையத்தை மூடியபோது, தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுவான். இன்னொரு தொற்று வந்தால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: குளியல், சட்டை, பை, வண்டி. உங்கள் மகனுக்குக் கடிகாரமே இந்த வரிசைதான். வண்டி வராத அன்று அது பாதியில் அறுந்துவிடுகிறது. அடுத்து என்ன என்று தெரியாத பயத்தில் வரும் அழுகை அது. தயவுசெய்து பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பையை ஒளித்து வைக்காதீர்கள். வழக்கமான நேரத்தில் எழுப்புங்கள், பையை மாட்டிக்கொள்ளட்டும். வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, அவருக்கென்று ஒதுக்கிய மேசையில் உட்காரட்டும். மையத்தில் துணி மடித்தார் என்றால் இங்கேயும் துணி மடிக்கட்டும். சுவரில் மையத்தின் படத்தை ஒட்டி, அதன் மேல் சிவப்பில் கோடு போடுங்கள். பக்கத்திலேயே வீட்டின் படம் இருக்கட்டும்.

"அடுத்த வாரம் திறந்துவிடும்" என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள். அந்த நாளில் மறுபடி பையோடு நிற்பார். "மூடியிருக்கிறது, திறக்கும்போது சொல்கிறேன்" என்பதே போதும்.

அப்புறம், அந்த நடை அவசியமான ஒன்று. 2020 ஏப்ரலில் பிரிட்டன் தன் ஊரடங்கு விதியையே மாற்றி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் வெளியே போய்வர அனுமதித்தது. அடுத்த முறை விதிமுறை வரும்போது இதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

கேள்வி: மாஸ்க் போட்டாலே தங்கை பிடுங்கி எறிகிறாள்.

பதில்: காதில் இழுக்கும் நாடா, மூச்சின் வெப்பம், துணி வாசனை எல்லாமே அவருக்குத் தொந்தரவாக இருக்கலாம். தொற்று இல்லாத நாட்களிலேயே பழக்குங்கள்: முதலில் கையில் வைத்திருக்கட்டும், அப்புறம் ஐந்து விநாடி முகத்தில். தொப்பியின் இரு பக்கமும் பொத்தான் தைத்து நாடாவை அதில் மாட்டினால் காதுக்கு வேலை இல்லை. தானாகக் கழற்றத் தெரியாதவருக்கு மாஸ்க் போடவே கூடாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகமா?

பதில்: ஆம். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ள பெரியவர்களுக்குக் கொரோனா மரண ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்று, பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எதிர்ப்பு சக்தி, இதயம், நுரையீரல் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எனவே தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். "நெஞ்சு வலிக்கிறது" என்று அவர் வாயால் சொல்லாமல் போகலாம். பிடித்த சாப்பாட்டை ஒதுக்குவது, பகலில் தூங்கி வழிவது, திடீரென்று தலையில் அடித்துக்கொள்வது போன்றவற்றை நோயின் அறிகுறியாகவே முதலில் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் கூட இருக்க விடவில்லை என்றால்?

பதில்: இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எப்படி அழைத்தால் திரும்புவார், வலித்தால் என்ன செய்வார், எதற்குப் பயப்படுவார், என்ன மருந்து சாப்பிடுகிறார். கூட ஆள் இருப்பது மருத்துவத் தேவை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா கொரோனாவில் இறந்தார். அக்காவுக்கு 40 வயது. தாங்க மாட்டாள் என்று "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டோம். இன்னும் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் தட்டை எடுத்து வைக்கிறாள்.

பதில்: படிக்கவே மனம் கனக்கிறது. நீங்கள் அன்பினால்தான் மறைத்தீர்கள். ஆனால் அக்காவின் கணக்கில், அப்பா தன்னிடம் சொல்லாமல் போய்விட்டார், இன்னும் வரவில்லை. அது துக்கத்தைவிடப் பெரிய பாரம்.

சொல்லிவிடுங்கள். அவருக்கு நெருக்கமான ஒருவர், அவருக்குப் பழகிய இடத்தில், அப்பாவின் படத்தைக் கையில் கொடுத்து, "அப்பா இறந்துவிட்டார். உடம்பு நின்றுபோய்விட்டது. இனி வரமாட்டார்" என்று சொல்லட்டும். "தூங்குகிறார்" என்று சொன்னால், தூங்கவே பயப்படுவார். முன்பு தவறாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு அது புரியும். அன்று அழாமல் இருந்து, மூன்று மாதம் கழித்து அழலாம். ஒரே கேள்வியை நூறு முறை கேட்கலாம். நூறு முறையும் அதே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

தட்டை நீங்களாக எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். அதை என்ன செய்யலாம் என்று அக்காவிடமே கேளுங்கள்.