புல் நிற்கிறது, ஆடு ஏன் மெலிகிறது? – மேய்ச்சல் கேள்வி பதில்

பத்து ஏக்கர் கொரங்காட்டில் (வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் காடு) முப்பது மேச்சேரிச் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. இந்த வருடம் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஆனாலும் மாசி பிறந்ததில் இருந்து ஆடுகளுக்கு முதுகெலும்பு தெரிகிறது. தினமும் மக்காச்சோளம் வைத்தும் தேறவில்லையே?
– மூலனூர் வாசகர்

மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்குப் புண்ணாக்கு வாங்குங்கள்.

ஐப்பசி மழைக்குத் துளிர்க்கும் கொழுக்கட்டைப்புல்லில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் 10 முதல் 12 சதவீதம் புரதம் இருக்கும். பூத்து விதை உதிர்ந்தபின் அது சரசரவென இறங்கி, மாசி பங்குனியில் 3, 4 சதவீதத்தில் வந்து நிற்கும். ஆட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிப்பவை நுண்ணுயிரிகள். தின்னும் தீனியில் 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் அவை பெருகும். அதற்குக் கீழே போனால் தின்ற புல் வயிற்றிலேயே தங்கும். வயிறு காலியானால்தானே ஆடு மறுபடி வாய் வைக்கும்? அதனால்தான் காடு நிறையப் புல் இருந்தும் ஆடு சும்மா நிற்கிறது. இந்த நிலையில் தானியத்தை மட்டும் வைத்தால், மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிரிகள் இருக்கிற கொஞ்சப் புரதத்தையும் எடுத்துக்கொள்ளும். நார் செரிப்பவை பட்டினி கிடக்கும். ஆடு புல்லை இன்னும் குறைத்துக்கொள்ளும்.

25 கிலோ எடையுள்ள ஓர் ஆடு காய்ந்த புல் 600 கிராம் தின்கிறது, அதில் 4 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 24 கிராம் புரதம். கூடவே 75 கிராம் கடலைப்புண்ணாக்கு கொடுத்தால் (40 சதவீதம் புரதம்) இன்னொரு 30 கிராம் சேரும். மொத்தத் தீனியில் அது 8 சதவீதம் ஆகிவிடும். ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு, காட்டில் நிற்கும் புல்லைத் தின்ன வைக்கும். தோலோடு ஆட்டிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ தேங்காய்ப் புண்ணாக்கோ என்றால் 130 முதல் 140 கிராம் வேண்டும். எது மலிவு என்று பார்க்க, கிலோ விலையைப் புரத சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். மூட்டை விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

20 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். தொட்டியில் ஆடு ஒன்றுக்கு ஓர் அடி நீளம் இடம் வேண்டும். குறைந்தால் கிடாவும் கொழுத்த ஆடும் இரண்டு பங்கு தின்னும், மெலிந்தது மெலிந்தபடியே நிற்கும். தினமும் வைக்க ஆள் இல்லையென்றால் இரண்டு நாள் புண்ணாக்கை ஒரே வேளையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜன் எச்சிலோடு திரும்ப வயிற்றுக்கு வந்துவிடும். தானியத்தில் இந்த வேலை செய்யாதீர்கள், வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். கடலைப்புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரலைக் கெடுக்கும், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

மெலிந்தபிறகு தேற்றுவதற்கு ஆகும் செலவு அதிகம். தை கடைசியிலேயே, புழுக்கை சிறுத்துக் கல்லாகக் காயத் தொடங்கும்போதே ஆரம்பியுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் சாணியைப் பார்த்தே சொல்லலாம். கெட்டியாக அடுக்கடுக்காக விழுந்தால் புரதம் போதவில்லை. தட்டுப்போல் பரவி நடுவில் சிறு குழி விழுந்தால் சரி.

ஈனுவதற்கு ஆறு வாரம் இருக்கும் சினை ஆடுகளுக்கு மட்டும் புண்ணாக்கோடு 100 கிராம் கம்போ மக்காச்சோளமோ சேர்க்கலாம். சித்திரையில் காடு மொட்டையாகிவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அப்போது முதலில் வேண்டியது வயிற்றை நிரப்பும் சோளத்தட்டு (காய்ந்த சோளத்தாள்). புண்ணாக்கு அதற்கு அப்புறம். நம் காட்டு வெள்வேல மரம் இந்த நாளில்தான் காய் உதிர்க்கும். அதை வெட்டி விற்றவர்கள் இப்போது கடையில் தீவனம் வாங்குகிறார்கள்.

மழை பெய்து பத்து நாளில் பச்சை கட்டிவிட்டது. அதன்பிறகு மூன்று குட்டிகள், அதுவும் நல்ல கொழுத்த குட்டிகள், காலையில் செத்துக் கிடந்தன. பாம்பு கடித்திருக்குமோ?
– வெள்ளகோவில் வாசகி

கொழுத்ததாகப் பார்த்துச் சாகிறது என்றால் பாம்பைவிடத் துள்ளுமாரி என்ற குடல்நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காய்ந்த தீனியில் இருந்து ஒரேயடியாக இளம்புல்லுக்கு மாறும்போது குடலில் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். நிறையத் தின்னும் குட்டிதான் முதலில் போகும். அடுத்தது செத்தால் புதைக்காமல் கால்நடை மருத்துவரிடம் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசியை மழைக்கு முன்பு, புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். முதன்முதலாகப் போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசி உண்டு. பலர் மறப்பது இதைத்தான். பச்சை வந்த முதல் வாரம் பட்டியிலேயே கொஞ்சம் சோளத்தட்டைப் போட்டுவிட்டு, பனி காய்ந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் மேய விடுங்கள். பனியோடு மேய்ந்தால் புல் நுனியில் இருக்கும் குடற்புழுக் குஞ்சும் சேர்ந்து உள்ளே போகும்.

பச்சை நிற்கும் இந்த மாதங்களில் புண்ணாக்கு வீண். ஆனால் இளம்புல்லில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். 750 கிராம் உலர்தீனி கிடைக்க ஆடு 5 கிலோ பச்சை தின்ன வேண்டும். அதனால் காய்ந்த தட்டு மாலையிலும் கொஞ்சம் இருக்கட்டும்.

வேலிக்கருவை (சீமைக்கருவேலம்) காய் சும்மா கிடைக்கிறது. ஆட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?
– அரவக்குறிச்சி வாசகர்

நல்ல தீனிதான். சர்க்கரை அதிகம், புரதமும் 12 சதவீதம் அளவில் உண்டு. ஆனால் அந்தப் புரதத்தில் கணிசமான பங்கு விதைக்குள். முழுக்காயாகப் போட்டால் விதை அப்படியே புழுக்கையில் வெளியே வரும், விழுந்த இடத்தில் முளைக்கும். இரண்டு வருடத்தில் கொரங்காடு முள்காடாகிவிடும். அதனால் காய் ஒடித்தால் சடக்கென முறியும்வரை வெயிலில் போட்டு, தவிட்டைக் கலந்து அரையுங்கள். தவிடு இல்லாமல் அரைத்தால் சர்க்கரை உருகி அரவை இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 200 கிராமோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் இதையே தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை தளர்ந்து, எச்சில் ஒழுகி, அசைபோட முடியாமல் போனதுண்டு.

யூரியாவை வைக்கோலில் தெளித்துக் கொடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– தாராபுரம் வாசகர்

தெளித்து அன்றைக்கே கொடுக்கக் கூடாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு குருணைகூடத் தங்காமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வையுங்கள். திறந்ததும் நெடி கண்ணைக் கரிக்கும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். நெடியே இல்லையென்றால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது, பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகாது. கரைசல் மீந்த வாளியை மாட்டுக்கு எட்டும்படி வைத்ததால் போன மாடுகள் உண்டு. குடித்துவிட்டால் உடல் நடுங்கும், நுரை தள்ளும், வயிறு உப்பும். மருத்துவர் வருவதற்குள் பெரிய மாட்டுக்கு 2, 3 லிட்டர் வினிகரைப் புரையேறாமல் மெதுவாகப் புகட்டுங்கள்.

கோடையில் மாடு எலும்பையும் துணியையும் கடிக்கிறது.
– காங்கேயம் வாசகர்

காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் சத்து மிகக் குறைவு, அதைத் தேடுகிறது. தினமும் ஒரு கிலோ கோதுமைத் தவிடு, 50 கிராம் தாது உப்புக் கலவை, 30 கிராம் கல்லுப்பு கொடுத்து வாருங்கள். காட்டில் கிடக்கும் எலும்பை இன்றைக்கே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். செத்த பிராணியின் எலும்பில் இருக்கும் நஞ்சு மாட்டின் கால்களையும் நாக்கையும் முடக்கிக் கொன்றுவிடும்.