இல்மனைட் மணலை எடுத்து விற்றால் அம்பாறைக் கரையோரம் முன்னேறாதா? ஏன் எதிர்க்கிறார்கள்?

என் அம்மாவின் ஊர் அந்தக் கரையோரத்துத் திருக்கோவில். மாரி ஓய்ந்த பிறகு அங்கே கடற்கரையில் கோடு கோடாகக் கறுப்பு மணல் படிந்து கிடக்கும். இல்மனைட் என்ற டைட்டேனியக் கனியம் இருப்பது அதில்தான். ஒரு சிரட்டையில் அதையும் இன்னொன்றில் வெள்ளை மணலையும் அள்ளினால் பாரம் கையிலேயே தெரியும். இல்மனைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு, வெறும் மணலுக்கு 2.65 மடங்குதான். அலை இலேசானதை இழுத்துப் போக, பாரமானது கரையில் தங்கிவிடுகிறது. பெயின்றுக்கு வெண்மை தரும் டைட்டேனியம் டைஒக்சைட் பொடி இதிலிருந்து வருகிறது. (என் வீட்டுச் சுவரும் வெள்ளைதான். கனியமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.)

எங்கள் பயம் கிணற்றைப் பற்றியது. பெரியம்மா வீட்டுக் கிணறு கடலிலிருந்து கூப்பிடு தூரம், பத்தடி ஆழம்கூட இல்லை. ஆனாலும் நல்ல தண்ணீர். மணலுக்குள் இறங்கும் மழைநீர் அடியில் உள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான். 2004 சுனாமியில் அது உப்பாகிப் போனது. இறைத்துப் பார்த்தார்கள், இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்புத்தான் ஏறியது. இரண்டு மாரி பெய்து மணலைக் கழுவிய பிறகுதான் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி குடிக்க முடிந்தது.

இல்மனைட் பேச்சு வந்தபோது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: “மண்ண அள்ளினா தண்ணி எங்க நிக்கும் மனே?”

கனியத்தைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொட்டுவார்களாம். சரி, கொட்டட்டும். மணல் மேடு பழைய உயரத்துக்கு வருமா? அதைப் பிடித்து நிற்கிற அடம்பன் கொடி எப்போது திரும்பப் படரும்?

வேலைவாய்ப்பு என்கிறீர்கள். காந்தமும் மின்சாரமும் வைத்து மணலைப் பிரிக்கும் வேலைக்கு ஆள் அதிகம் தேவைப்படாது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் அரச நிறுவனம் எத்தனையோ வருடமாகக் கனிய மணல் எடுக்கிறது, பெயின்றுப் பொடியாக்கும் ஆலை இன்னும் நாட்டில் வரவில்லை.

இலங்கையின் 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி, காணி உறுதி உங்கள் கையில் இருந்தாலும் கனியம் அரசுக்குச் சொந்தம். அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். ஆகவே நான் கேட்பது சின்ன விசயம்: பத்திரம் கொடுக்கும் முன் ஒரு முழு வெயில் காலம், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, அந்தக் கணக்கைப் பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள். தோண்டுகிறவர் ஒரு தொகையை வைப்பில் இடட்டும், தண்ணீர் உப்பானால் அது ஊருக்கு. அளக்க ஒரு கயிறு, உப்புப் பார்க்கும் ஒரு சின்னக் கருவி, மாதத்தில் ஒரு நாள் போதும்.