ஓர் ஆணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேடவாக்கத்தில் கடன் போட்டு மூன்று படுக்கையறை வீடு வாங்கினேன். கல்லூரி நண்பர்கள் இருவர் கூடத் தங்கியிருக்கிறார்கள். மாதத் தவணை 48,000. ஆளுக்கு 16,000 என்று பிரித்தோம். பாத்ரூம், பால்கனி, ஏசி உள்ள அறை என்னுடையது. சின்ன அறையில் இருப்பவன் இது அநியாயம் என்கிறான். சதுர அடிக் கணக்கில் பிரித்தால் சரியாகுமா? கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது? போன வாரம் என்னைக் கேட்காமலே அவன் அறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டான். மனசு கசந்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சதுர அடியை விடுங்கள். தவணை உங்கள் கடன், அவர்களுடைய வாடகை அல்ல. கடன் தீரும் நாளில் வீடு உங்களுக்கு; அவர்களுக்கு ஒரு செங்கல்லாவது உண்டா? உங்கள் குடியிருப்பில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். 27,000 என்றால் அதைத்தான் மூவரும் பிரிக்க வேண்டும். நீங்கள் 11,000, நடு அறை 9,000, சின்ன அறை 7,000. கரண்ட் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் முன்னால் எரித்த யூனிட்டுக்கும் விலை ஏறும். தாண்ட வைப்பது உங்கள் ஏசி. கூடுதலை நீங்களே கட்டுங்கள்.

அந்த ஆணிதான் என்னை எழுத வைத்தது.

1983இல் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். தண்ணீர்ப் பஞ்சம். ஊரிலிருந்து அத்தை வந்தால் வீட்டுக்கார அம்மா பம்படியில் நின்று எங்கள் குடங்களை எண்ணுவார். ஆட்டுக்கல் சத்தம் மாடிக்குக் கேட்கும் என்று அம்மா எட்டு மணிக்குள் மாவாட்டி முடித்துவிடுவாள். அப்பா ஒரு மாதம்கூட வாடகையைத் தள்ளிக் கொடுத்ததில்லை. ஆனாலும் பதினோரு வருஷத்தில் அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். காற்றடித்தால் தாள் கிழியும். தாத்தா போனபின் அவர் படத்தை டிரங்குப் பெட்டிமேல் சாய்த்துத்தான் வைத்தோம். "அடுத்தவங்க வீடுடா" என்பார் அப்பா. மாதாமாதம் வாடகை எண்ணிக் கொடுத்த வீடு அது!

நீங்கள் 16,000 வாங்கிக்கொண்டு ஓர் ஆணிக்குக் கசந்துபோகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. வாடகை வாங்கிவிட்டீர்கள்; அங்கே இருக்கும்வரை அது அவர் சுவர். காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்தால் போயிற்று, பத்து நிமிட வேலை.

தனியாக இருக்க வசதி இருந்தும் நண்பர்களைக் கூட்டிக்கொண்ட உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அப்புறம், அந்த ஆணியில் அவர் என்ன மாட்டியிருக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே. உள்ளே போய்ப் பார்த்தீர்களா?