ஜேனி பேசாத இடங்கள்

அன்புள்ள அம்மா,

அமெரிக்க எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். ஜேனி என்ற கறுப்பினப் பெண் தன்னைக் கண்டடையும் கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லோகன், ஜோ, டீ கேக் என்று மூன்று பேரைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாமவன் நல்லவனாக அமைந்துவிட்டான், அவ்வளவுதானே? நீதிமன்றத்தில்கூட அவள் பேச்சு நம் காதில் விழுவதில்லை. இன்னொன்று: உரையாடல்களின் ஆங்கிலம் பாதி புரியவில்லை. எப்படிப் படிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

கணவர்களை எண்ணிக்கொண்டு போனால் நீங்கள் சொல்வதுபோலத்தான் தெரியும். ஜேனி எங்கே பேசுகிறாள், எங்கே அவள் வாயை அடைக்கிறார்கள், எங்கே அவளாகவே பேசாமல் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு போங்கள். அப்போது நாவலின் மையம் டீ கேக் வருவதற்கு வெகுமுன்பே, 6ஆம் அத்தியாயத்தில் இருப்பது தெரியும்.

அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஃப்ளோரிடாவின் கறுப்பினர் ஊரான ஈட்டன்வில்லில் கடை திறக்கும் அன்று மேயரின் மனைவி இரண்டு வார்த்தை பேசட்டும் என்று ஊரார் கேட்கிறார்கள். ஜேனி வாய் திறப்பதற்குள் மேயரான அவள் இரண்டாம் கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் எழுந்து, என் மனைவிக்கு மேடைப்பேச்செல்லாம் தெரியாது, அவள் இடம் வீடு என்று சொல்லிவிடுகிறான். அவளுக்குப் பேச ஆசை இருந்ததா என்பதே அவளுக்குத் தெரியாது. யோசிக்கக்கூட விடாமல் பறித்துக்கொண்டதுதான் உறுத்துகிறது. பிறகு தலைத்துணி வருகிறது. கடைக்கு வருகிற ஆண்கள் அவள் கூந்தலைப் பார்க்கக் கூடாதாம்.

6ஆம் அத்தியாயத்தில் ஒரு நாள் சமையல் கெட்டுப்போகிறது. ரொட்டி உப்பவில்லை, மீன் முள்ளோரம் வேகவில்லை, சோறு அடிப்பிடித்துவிட்டது. ஜோ அவளைக் காது இரையும்படி அறைந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறான். அவளுக்கு அப்போது வயது 24, கல்யாணமாகி ஏழு வருஷம். நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அவள் மனதுக்குள் ஓர் அலமாரித் தட்டிலிருந்து ஏதோ விழுகிறது. என்னவென்று உள்ளே போய்ப் பார்த்தால், அவள் வைத்திருந்த ஜோவின் உருவம் நொறுங்கிக் கிடக்கிறது. அது எந்தக் காலத்திலும் ஜோவாக இருந்ததில்லை, தன் கனவுகளை மாட்டிவைக்க அவள் கைக்குக் கிடைத்த ஒன்று. அவனிடம் ஒருபோதும் சொல்லாத எண்ணங்கள் தனக்குள் மூட்டைமூட்டையாக இருப்பதையும் அப்போதுதான் பார்க்கிறாள். உள் என்று ஒன்று, வெளி என்று ஒன்று; இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நாவலிலேயே முக்கியமான பக்கம் இதுதான் என்பேன். அந்த அறையில் அவளோடு எந்த ஆணும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

7ஆம் அத்தியாயத்தில் கடையில் புகையிலையைக் கோணலாக வெட்டியதற்காக ஜோ எல்லார் முன்னாலும் அவள் உடம்பைக் கேலி செய்கிறான். இந்த முறை அவள் அவனுடைய ஆண்மையைத் தொட்டே பதில் சொல்கிறாள். ஜோ அதிலிருந்து மீளவில்லை. அவனை அடக்கம் செய்த இரவே அத்தனை தலைத்துணிகளையும் கொளுத்துகிறாள். தன்னை லோகனின் 60 ஏக்கர் நிலத்துக்குக் கட்டிவைத்த பாட்டியை வெறுக்கிறோம் என்று 9ஆம் அத்தியாயத்தில் தனக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறாள். அடிமையாகப் பிறந்த பாட்டி, ஏறி உட்கார ஒரு திண்ணை கிடைத்தால் போதும் என்று நினைத்தவள். அவள் பக்கம் நியாயம் உண்டு என்பதால்தான் அந்த வெறுப்பு இவ்வளவு கனமாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகே டீ கேக் வருகிறான். செக்கர்ஸ் ஆடக் கூப்பிடுகிறான், குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கிறான். கொஞ்ச நாளில் அவனைவிட அவள் நன்றாகச் சுடுகிறாள். ஆனால் ‘நல்லவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவன்தான் அவளுடைய 200 டாலரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய் விருந்து வைத்தவன், பிறகு அவளை அடித்தவனும் அவனே. 1928ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவின் ஒகீச்சோபி ஏரி உடைத்துக்கொண்ட புயலை வைத்து எழுதிய அத்தியாயத்தில் அவளைக் காப்பாற்றப் போய் நாய்க்கடி படுகிறான். சுமார் நான்கு வாரம் கழித்து வெறி ஏறுகிறது. அதற்குள் ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது. அவன் தலையணைக்கடியில் இருந்த ரிவால்வரில் மூன்று குண்டு. அவற்றை எடுத்துவிட்டால் அவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே முதல் மூன்று முறை வெற்றாகச் சொடுக்கும்படி உருளையைத் திருப்பிவைக்கிறாள். அவன் மனம் மாற மூன்று வாய்ப்பு, தான் தப்பிக்கவும் மூன்று வாய்ப்பு. மூன்றும் தீர்ந்த பிறகுதான் ரைஃபிளால் அவனைச் சுடுகிறாள். பாட்டியோ லோகனோ ஜோவோ யாரும் அவளை இப்படி ஒரு முடிவெடுக்க விட்டதில்லை.

அவனைச் சுட்டதற்காக அவள் நிற்கிற நீதிமன்றம் பற்றி நீங்கள் கேட்டதை விமர்சகர் ராபர்ட் ஸ்டெப்டோ 1979இல் ஒரு கருத்தரங்கிலேயே கேட்டார். குரலைக் கண்டடைந்தவளின் சாட்சியத்தை ஆசிரியர் ஏன் தன் வாயால் சொல்கிறார் என்று. ஆண்கள் நினைக்கிற நேரத்தில் பெண் பேசியாக வேண்டும் என்றில்லை, எப்போது பேசுவதென்பது அவள் தீர்மானம் என்று எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் எழுந்து பதில் சொன்னார். நான் வாக்கர் பக்கம்தான். முழுக் கதையையும் ஜேனி தன் வீட்டுப் பின்வாசலில் தோழி ஃபீபியிடம் சொல்கிறாள். 12 வெள்ளை ஆண்கள் அடங்கிய ஜூரியிடம் சொன்னது அதில் ஒரு துண்டு.

உண்மையான ஓட்டை 17ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. டீ கேக் அடிக்கிறான். பக்கம் முழுக்க அவன் ஏன் அடித்தான், மற்ற ஆண்கள் எப்படிப் பொறாமைப்பட்டார்கள், பெண்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான். ஜேனிக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. 6ஆம் அத்தியாயத்தின் அந்தப் பக்கத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் முகத்தில் அடிக்கும். ஆசிரியருக்கு டீ கேக் மேல் இருந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்பேன். இதை நாவலின் குறையாகவே வைத்துக்கொள்ளலாம், சாக்குச் சொல்லத் தேவையில்லை.

மொழிக்கு வருகிறேன். ஹர்ஸ்டன் ஃப்ரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்து, ஃப்ளோரிடா முழுக்கச் சுற்றி நாட்டார் கதை சேகரித்தவர். காதில் விழுந்ததை அப்படியே எழுத்துக்கூட்டினார். வெள்ளையரைச் சிரிக்கவைக்கிற வேலை என்று கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1937இல் திட்டினார். கண்ணால் படிக்காதீர்கள், முதல் இரண்டு அத்தியாயங்களை வாய்விட்டுப் படியுங்கள். ‘ஆ’ என்று வந்தால் ‘ஐ’, அதாவது நான். ‘மா’ என்பது ‘மை’. ‘டெ’ என்பது ‘த’. ‘டாட்’ என்பது ‘தட்’. சொல்லின் கடைசியில் வரும் ‘ஜி’ (g), ‘ஆர்’ (r) எழுத்துகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இருபது பக்கத்துக்குள் காது பழகிவிடும்.

பழகிய பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்குறி இல்லாத விவரணையிலேயே அந்தப் பேச்சுவாடை அடிக்கிற இடங்கள் இருக்கின்றன. கதைசொல்லி ஒதுங்கி ஜேனியின் மனதை நேராகப் பேசவிடும் இடங்கள் அவற்றில் நிறைய. அவற்றின் கீழ்க் கோடு போட்டுக்கொண்டு போய், 17ஆம் அத்தியாயம் முடிந்ததும் எழுதுங்கள்.