மாமா கொண்டுவந்த வீச்சு வலையை ரோடிங் ஆற்றில் வீசலாமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா மே கடைசி வரை எங்களோடு இருப்பார், பெட்டியில் ஒரு வீச்சு வலையும் மடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரோடிங் ஆற்றுப் பக்கம் போய் நாலு வீச்சு வீசி, கிடைப்பதைக் குழம்பு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நண்பர் ஒருவர், கூடு வைத்து கிரேஃபிஷ் என்ற இறால் மாதிரிப் பிராணியைப் பிடிக்கலாம், அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். தூண்டிலுக்கு உரிமம் வேண்டும் என்பது மட்டும் தெரியும். எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது?

பதில்: முதலில் வலையைப் பரணில் ஏற்றிவிடுங்கள். மாமாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இங்கிலாந்தின் ஆறு, குளம், கால்வாய் எதிலும் சொந்த விருப்பத்துக்கு வீச்சு வலை வீச வழியில்லை.

நம் ஊரில் வெடி போடாதே, மருந்து கலக்காதே, ஏலம் எடுத்தவன் ஏரியில் இறங்காதே என்று சிலதைச் சொல்வார்கள், மற்றபடி வலையோ ஊத்தாவோ கையோ அவரவர் சாமர்த்தியம். இங்கே அந்த யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். உள்நாட்டு நீரில் சாதாரண ஆள் மீன் பிடிக்கச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு ஒன்றே ஒன்று, தடியும் நரம்புமாக இருக்கும் தூண்டில். அதற்கும் உரிமம் வாங்க வேண்டும். வலை, கூடு, பொறி என்று வேறு எதை எடுத்தாலும் சுற்றுச்சூழல் முகமையிடம் தனியாக விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதனால் 'எதைத் தடை செய்திருக்கிறார்கள்' என்று தேடாதீர்கள், 'எதை அனுமதித்திருக்கிறார்கள்' என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1975ஆம் ஆண்டின் சால்மன் மற்றும் நன்னீர் மீன்பிடிச் சட்டம். பெயரில் சால்மன் இருக்கிறதே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம், சாதாரண ஆற்று மீனுக்கும் அதுதான். அதன் முதல் பிரிவே ஒரு கருவிப் பட்டியல். துப்பாக்கி, ஈட்டி, கொக்கிக் கம்பு, கம்பிக் கண்ணி, கரையிலிருந்து கரைக்கு இழுத்துக் கட்டும் நரம்பு, இரை கோத்துக் கட்டிவிட்டு ஆள் போய்விடும் தூண்டில், வெளிச்சம் காட்டிப் பிடிப்பது, வாயில் கடிக்க வைக்காமல் முள்ளை வீசி மீனின் உடம்பில் கொக்கி போட்டு இழுப்பது, இத்தனையும் கூடாது. வெடி, விஷம், மின்சாரம் மூன்றும் அதே சட்டத்தின் ஐந்தாவது பிரிவில். பட்டியலைப் படித்தால் கிராமத்துப் பையன்கள் கோடை விடுமுறையில் செய்யும் எல்லாவற்றையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டது போல இருக்கும். ராத்திரி தூண்டிலைக் கட்டிவிட்டு வந்து விடியலில் போய்ப் பார்க்கும் வழக்கம் மாமாவுக்கு இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மீனே பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தேன் என்பது எப்போதும் எடுபடாது. பயன்படுத்தும் நோக்கத்தோடு கையில் வைத்திருப்பதும் குற்றம்தான். வீட்டில் வலை இருப்பதை யாரும் கேட்கப்போவதில்லை, ஆற்றங்கரையில் கார் டிக்கியில் ஈர வலை இருந்தால் என்ன நோக்கம் என்று நீங்கள்தான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வலையைச் சுற்றிக் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளைப் பார்த்தால் பெய்லிஃப், அதாவது கரையில் மீன்பிடி விதிகளைச் சரிபார்க்க வரும் அதிகாரி, இன்னொரு முறை புருவத்தை உயர்த்துவார். ஈயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, தூண்டிலுக்கு வருவோம். உரிமத்தை ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம் என்று இணையத்திலேயே வாங்கலாம். மாமா சில வாரம்தான் இருக்கிறார் என்றால் அவருக்கு எட்டு நாள் உரிமம் போதும், ஆனால் அவர் பெயரில் தனியாக வாங்குங்கள், உங்கள் உரிமத்தில் அவர் பிடிக்க முடியாது. பதின்மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு உரிமமே வேண்டாம், 13 முதல் 16 வயது வரை வாங்க வேண்டும், ஆனால் இலவசம். உரிமம் இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். சாதாரண உரிமத்தில் ஆற்று மீனுக்கு இரண்டு தடி வரை போடலாம், மூன்றாவது தடி வேண்டுமென்றால் மூன்று தடி உரிமம் என்று தனியாகவே இருக்கிறது.

தடிகளைக் கண்ட இடத்தில் ஊன்றவும் முடியாது. ஒன்றுக்கு மேல் போட்டால் முதல் தடியின் அடிக்கும் கடைசித் தடியின் அடிக்கும் இடையே 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடியை விட்டுவிட்டு ஆள் நகரவும் கூடாது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு தடியைப் போட்டுவிட்டு, ஃபிளாஸ்க் காரில் இருக்கிறதே என்று எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் என் தடிக்குப் பக்கத்தில் ஒரு பெய்லிஃப் நிற்கிறார், தக்கையைப் பார்த்துக்கொண்டு. 'உங்களுக்குப் பதிலாக நான் கவனித்துக்கொண்டேன்' என்றார். சிரித்தபடிதான் சொன்னார், உரிமத்தையும் பார்த்தார், அப்புறம் ஆளில்லாத தூண்டில் பற்றி பத்து நிமிடம் பாடம். அவர் எடுத்த வகுப்பில்தான் இதில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

உரிமம் வாங்கிவிட்டோம், இனி எந்தக் கரையிலும் உட்காரலாம் என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். உரிமம் அரசுக்கு. கரைக்கும் அங்கே மீன் பிடிக்கும் உரிமைக்கும் சொந்தக்காரர் வேறு, பெரும்பாலும் ஒரு மீன்பிடிக் கழகம். ரோடிங்கிலும் மேலே எசெக்ஸ் பக்கம் போனால் அப்படித்தான், நாள் சீட்டோ உறுப்பினர் அட்டையோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தூண்டிலைப் பிரியுங்கள். தனியார் நீரில் அனுமதியில்லாமல் மீன் எடுப்பது 1968 திருட்டுச் சட்டத்தில் வருகிறது. பகலில் தூண்டில் போட்டு எடுத்தால் சிறிய குற்றம், வேறு வழியில் எடுத்தால் தண்டனை கூடும். சட்டத்துக்கே தூண்டில்காரன் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது.

இப்போது ஈயம். 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டைத் தூண்டிலில் கட்டக்கூடாது. அந்த 28.35 எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம், அது ஓர் அவுன்ஸ். கீழே இருப்பது கடுகு மாதிரிப் பொடிக்குண்டு. 1980களில் அன்னங்கள் ஆற்றடியில் கிடந்த இந்தக் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி ஈயம் ஏறிச் செத்தன, அதனால் 1986இல் விதி எழுதி அடுத்த ஆண்டிலிருந்து விற்பனையையே நிறுத்தினார்கள். இங்கே கடையில் வாங்கினால் பிரச்சினையில்லை, ஈயமில்லாத குண்டுதான் தருவார்கள். ஊரிலிருந்து வந்த தூண்டில் பெட்டியைத்தான் கொட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே எல்லாருக்கும் ஆச்சரியமாக இருப்பது, பிடித்த மீனை ஏந்தும் வலைக்கும் விதி இருப்பது. மீன் மாட்டியதும் கரைக்குத் தூக்கும் கைப்பிடி வலையில் முடிச்சு இருக்கக்கூடாது, உலோகக் கம்பியும் கூடாது. கடையில் வாங்கும்போது கண்ணியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர் வலையில் ஒவ்வொரு கண்ணி மூலையிலும் ஒரு முடிச்சு நெருடும், இந்த வலை துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். முடிச்சு உரசினால் மீனின் மேல் இருக்கும் வழவழப்பு போகும், செதில் பெயரும், திருப்பி ஆற்றில் விட்டாலும் புண் பிடித்துச் சாகும். மீனை உயிரோடு வைத்திருக்கும் நீளமான கீப்நெட் விஷயத்தில் இன்னும் கறார். நீளம் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது, வளையங்களின் சுற்றளவு 120 செ.மீ.க்குக் குறையக்கூடாது, வளையத்துக்கு வளையம் 40 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, கண்ணியின் உள்சுற்றளவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அளவுகோல் இல்லையா, ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். பென்சில் போனால் சரி, விரல் போனால் அந்த வலை வேண்டாம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், இந்த நாட்டில் ஆற்று மீனைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தின்பதில்லை. பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்து, திருப்பி விடுகிறார்கள். எனக்கு இன்னமும் இது விநோதம்தான். ஆனால் விதிகள் அந்த மனப்போக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, ஆகவே உங்கள் குழம்புக் கனவுக்கு வருகிறேன். ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளில் 20 செ.மீ. வரையிலான சிறு மீன் 15 எடுக்கலாம். ரோச், பெர்ச், டேஸ், பிரீம், கார்ப் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பைக் என்ற மீன் என்றால் 65 செ.மீ. வரை ஒன்று, கிரேலிங் 30 முதல் 38 செ.மீ.க்குள் இரண்டு. விலாங்கு எந்த அளவானாலும் திருப்பி விட வேண்டும். அதாவது குழம்புக்கு லாயக்கான இரண்டு கிலோ பிரீம் கிடைத்தால் அதைத் தொடக்கூடாது, சாண் நீள மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதுவும் கழகம் சம்மதித்தால்தான், பல கழகங்கள் ஒரு மீனைக்கூட எடுக்க விடாது. உண்மையைச் சொன்னால் பிரீமில் முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. குழம்புக்கு ஈஸ்ட் ஹாமில் மீன் கடை இருக்கிறது.

கிரேஃபிஷ் பற்றி நண்பர் சொன்னது தப்பு, கேட்பார்கள். இறால் மாதிரி இடுக்கியோடு ஊரும் அமெரிக்க சிக்னல் கிரேஃபிஷ் தேம்ஸ் படுகையில் மண்டிக் கிடக்கிறது, கரையைத் துளைக்கிறது, அதை ஒழித்தால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனாலும் கூடு வைக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும், நீர்நிலையின் சொந்தக்காரரும் சம்மதிக்க வேண்டும். காரணம் இரண்டு. உள்ளூர் இனமான வெண்கால் கிரேஃபிஷ் அழிவின் விளிம்பில் இருக்கிறது, அதைப் பிடிப்பதே குற்றம், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அதிகம். அப்புறம் கூட்டுக்குள் நீர்நாய் தலையை விட்டுக்கொண்டு மூச்சுத் திணறிச் சாகிறது. அதனால் கூடு 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலத்தைத் தாண்டக்கூடாது, வாய் 9.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீர்நாய்த் தடுப்பு வளையம் மாட்ட வேண்டும். அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு கூட்டிலும் கட்ட அடையாளச் சீட்டு வரும், சீட்டில்லாத கூட்டைக் கண்டால் தூக்கிவிடுவார்கள். பிடித்த சிக்னல் கிரேஃபிஷை மறுபடி ஆற்றில் விடவும் கூடாது, தூண்டிலில் இரையாகக் கோக்கவும் கூடாது.

கடைசியாகத் தேதி. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் மூடுகாலம், பிரீம், ரோச் மாதிரியான மீன்களுக்குத் தூண்டில்கூடப் போடக்கூடாது. குளங்களிலும் பெரும்பாலான கால்வாய்களிலும் இது இல்லை. உங்கள் கடிதத்தில் மாமா மே கடைசி வரை இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக ரோடிங் இந்த முறை அவருக்கு இல்லை. நாள் சீட்டு தரும் ஒரு குளத்துக்குக் கூட்டிப் போங்கள். தடி, தக்கை, ஒரு டப்பா மக்காச்சோளம், முடிச்சில்லாத கைவலை போதும். கீப்நெட்டைக் கொண்டுபோக வேண்டாம், பல குளங்களில் நோய் பரவும் என்று வெளி வலையை விடுவதில்லை. வீச்சு வலையை மாமா ஊர் திரும்பும்போது அதே பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.