பின்பலகையில் தண்ணீர்: டிரான்சம் கசிவு பற்றிச் சில கேள்விகள்

படகில் எல்லாரும் அடிப்பக்கத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இன்ஜின் மாட்டும் பின்பலகையைப் பற்றியவை, அதாவது டிரான்சம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

18 அடி ஃபைபர் போட், 15 குதிரைச் சக்தி அவுட்போர்ட். இரவு நங்கூரத்தில் விட்டால் காலையில் பின்பக்கம் இரண்டு வாளி தண்ணீர் கிடக்குது. எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. (முல்லைத்தீவு)

முதலில் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். உப்புக் கரிக்கவில்லை என்றால் அது மழைத்தண்ணீர். இல்லாத ஓட்டையைத் தேடிப் படகையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

கரித்தால் அடுத்த கேள்வி, எப்போது வருகிறது? சும்மா நிற்கும்போதே வந்தால் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே. வலையும் ஆளும் ஏறிய பிறகு மட்டும் வந்தால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. ரிவர்ஸ் எடுக்கும்போதோ பின்னலை அடிக்கும்போதோ வந்தால், இன்ஜின் முன்னால் இருக்கும் தொட்டியில் கேபிள் நுழையும் ரப்பர் உறையைப் பாருங்கள். உங்களுடையது நிற்கும்போதே வருகிறது. ஆகவே சந்தேகம் மூன்று இடத்தில்: வடிகால் தக்கை, அது உட்காரும் குழாய், இன்ஜினின் கீழ் போல்ட்டுகள்.

கரையேற்றித் தக்கையைப் பூட்டுங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, உள்ளே பின்பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் சொட்டு எங்கே தலைகாட்டுகிறது என்று நன்றாகத் தெரியும். உள்ளிருந்து வெளியே வரும் வழிதான் வெளியிலிருந்து உள்ளே போகும் வழியும். ஒன்று கவனம்: 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ எடை. அடியில் மணல் மூட்டையோ டயரோ கொடுக்காமல் ஊற்றாதீர்கள்.

குழாய் பித்தளை என்றால் அதை இன்னும் சந்தேகப்படுவேன். உப்புத் தண்ணீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். வெளியே வளையம் முழுசாகத் தெரியும். உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் பொரித்த அப்பளம் போல் நொறுங்கும். நிறம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் குத்திப் பார்க்கவும் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். பழையதை எடுத்ததும் துளையின் உள்சுவரில் தெரியும் மரத்தை (டிரான்சத்தின் இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவே இருப்பது) எபாக்ஸியால், அதாவது கலந்ததும் இறுகும் இருபகுதிப் பிசினால், பூசி மூடிய பிறகே புதுக் குழாய்.

கடையில் கிடைக்கும் சிலிக்கானை அப்பிவிட்டால் போதாதா? (பலர்)

போதாது. நீர்மட்டத்துக்குக் கீழே அது நிற்காது. உரித்தெடுத்த பிறகும் அதன் எண்ணெய்ப் பசை ஃபைபரில் ஊறிக் கிடப்பதால், அடுத்து எதைப் பூசினாலும் ஒட்டாது. அங்கே போட வேண்டியது படகுக்கென்று வரும் பாலியூரித்தேன் சீலண்ட். அதிலும் 3எம் கம்பெனியின் 5200 கிட்டத்தட்ட நிரந்தரம். பிறகு கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். நாளைக்குக் கழற்ற வேண்டிய பொருளுக்கு அதே கம்பெனியின் 4200 போன்றது போதும். எதுவானாலும் வெளிப்பக்கம் பூசுங்கள். உள்ளே நட்டின் மேல் மட்டும் அப்பினால் படகுக்குள் தண்ணீர் வராது. பலகையின் மரத்துக்குள் போகும். அது இன்னும் மோசம். இறுக்கும்போது நட்டைத் திருப்புங்கள், போல்ட்டைத் திருப்பினால் சீலண்ட் அறுந்துவிடும்.

மீன் காட்டும் கருவியின் சென்சாரை டிரான்சத்தில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினேன். ஆறு மாதத்தில் அந்த இடத்தில் ஈரம் கசிகிறது. (சென்னை)

கசிவது உள்ளே வருவதா, வெளியே போவதா? படகை மேலே ஏற்றி ஒரு நாள் கழித்தும் ஸ்க்ரூ துளையிலிருந்து பழுப்பாகச் சொட்டினால், பலகைக்குள் இருக்கும் மரம் குடித்த தண்ணீர் அது. ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், உலரவிடுங்கள், துளையைப் பெரிதாக்கிக் கெட்டி எபாக்ஸியால் அடையுங்கள். இனி நேரடியாக ஸ்க்ரூ வேண்டாம். பிளாஸ்டிக் பலகை ஒன்றை டிரான்சத்தில் ஒட்டி, அதில் சென்சாரைத் திருகுங்கள். அடுத்த வருடம் வேறு கருவி வாங்கினாலும் படகில் புதுத் துளை விழாது.

பழைய 19 அடி படகு, ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் படகுக்குள்ளே, ப்ரொப்பெல்லர் உள்ள டிரைவ் டிரான்சத்துக்கு வெளியே). சிம்கோ ஏரியில் ஓட்டுகிறோம். வசந்தத்தில் இறக்கியதிலிருந்து இன்ஜின் அடியில் தண்ணீர். (டொராண்டோ)

உங்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பயனில்லை, அது நன்னீர் ஏரி. படகை டிரெய்லரிலேயே வைத்து, டிரைவின் தண்ணீர் துளையில் குழாய் மாட்டி இன்ஜினை ஓட்டுங்கள். அப்போதே அடியில் தண்ணீர் சேர்ந்தால் குற்றவாளி இன்ஜினின் குளிரூட்டும் பகுதி. குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை முழுதாக வடிக்காமல் விட்டிருந்தால் பனியில் பிளாக்கே பிளந்திருக்கலாம், அது பெரிய செலவு.

அங்கே காய்ந்திருந்து ஏரியில் மட்டும் வந்தால் ரப்பர் பெல்லோஸ், அதாவது டிரான்சத்துக்கும் டிரைவுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான உறை. டிரைவை மேலே தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். எக்ஸாஸ்ட் பெல்லோஸ் கிழிந்தால் படகு மூழ்காது. யூ-ஜாயின்ட் பெல்லோஸும் ஷிப்ட் கேபிள் பெல்லோஸும் கிழிந்தால் மூழ்கும். டிரைவைக் கழற்றும் வேலைதான் பெரிது என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். கழற்றிய கையோடு டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைச் சுழற்றிப் பாருங்கள், மணல் அரைபடுவது போல் கரகரத்தால் அதுவும் போய்விட்டது. நிறுத்தும்போது டிரைவைக் கீழே இறக்கி வைத்தால் ரப்பர் இழுபடாமல் இருக்கும்.

23 அடி போட், 40 குதிரைச் சக்தி. வேகம் கொடுக்கும்போது இன்ஜின் பின்னால் சாய்வது போல் இருக்கு. பலகையில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. ஓட்டையில் எபாக்ஸி ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். (மன்னார்)

ஊற்றாதீர்கள். அது என் கருத்து. வேறு கருத்துள்ளவர்களும் உண்டு. ஆனால் ஈரமான மரம் எபாக்ஸியைக் குடிக்காது. ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கிறதே!

இன்ஜின் தள்ளும்போது பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பலகையை அழுத்தும், மேல் போல்ட்டுகள் பின்னால் இழுக்கும். உள்ளே மரம் உளுத்தால் அந்த இழுப்பைத் தாங்க வெறும் ஃபைபர் தோல்தான் மிச்சம். இன்ஜினைப் பாதி தூக்கி, அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பலகையின் மேல்விளிம்பில் நேர்கோல் வைத்துப் பார்க்கட்டும். விளிம்பு அசைந்தால், போல்ட்டோரம் தண்ணீர் பிதுங்கினால், சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடி போதும். தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டங் டங்கென்று கேட்கும், கெட்ட இடம் தொப்பென்று கேட்கும். எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, உட்பக்கத்திலிருந்து மூன்று நான்கு இடத்தில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெளித்தோலை முட்டாமல் இருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் தூள் வெளுப்பாக, உலர்ந்து இருந்தால் நல்ல மரம். கறுத்து, ஈரமாக, புளித்த வாடை அடித்தால் போச்சு.

ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் என்றால் 12 மில்லிமீட்டர் துளையை 20 ஆக்கி, நன்றாக உலர்த்தி, கெட்டி எபாக்ஸி நிரப்பி, நடுவில் மறுபடி துளைத்தால் போதும். போல்ட் இனி மரத்தையே தொடாது. பலகை பூராவும் என்றால் உட்பக்கத் தோலை வெட்டி எடுக்க வேண்டியதுதான். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும், படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. உளுத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய கனத்துக்கே மரைன் பிளைவுட் அடுக்கி ஒட்டுங்கள். இந்தியாவில் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள். மூலைகளை வளைவாகக் குழைத்து நிரப்பி, மேட், ரோவிங் என்ற இரண்டு வகைக் கண்ணாடி இழைத் துணியையும் பக்கச் சுவரிலும் அடியிலும் ஒரு சாணாவது ஏறும்படி போடுங்கள். இறுகிய பாலியஸ்டர் பிசின் மேல் எபாக்ஸி ஒட்டும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் நம்பிக்கையாக ஒட்டாது. ஆகவே எதில் முடிக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

அவசரம் மட்டும் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில், சீசன் தொடங்குகிறது என்று ஒருவர் நெருக்கியதால் தொடும்போது குளிர்ச்சியாக இருந்த மரத்தையே மூடி ஃபைபர் போட்டேன். அடுத்த வருடம் அதே படகு, அதே பலகை. தோலைப் பிடித்து இழுத்தேன், வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. இரண்டாம் முறை கூலி வாங்கவில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு சொட்டும் இல்லை. ஆனால் சுமை ஏற்றி நிறுத்தினால் நிறைகிறது. பம்ப் ஓடினால் வற்றி, நின்றதும் திரும்ப ஏறுகிறது. (தூத்துக்குடி)

பம்ப்பின் வெளிக்குழாய் டிரான்சத்தில் எங்கே முடிகிறது என்று சுமையோடு பாருங்கள். அந்த வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்தால், பம்ப் நின்றதும் கடல் அதே குழாய் வழியாகத் திரும்பி வரும், அது சைபன். வாயை மேலே ஏற்றுங்கள். உள்ளே ஹோஸை நீர்மட்டத்துக்கு மேல் வளைத்துக் கொண்டுபோய்ப் பிறகு வெளியே விடுங்கள். அப்புறம் பழைய துளையைத் தக்கை வைத்து அடைத்து விட்டுவிடாதீர்கள். இருபக்கமும் ஃபைபர் போட்டு மூடுங்கள்.