தோழிக்குப் பரிசளித்த நாவல்

கேள்வி: மும்பையில் பணிபுரியும் தமிழ்ப் பெண் நான். என் அலுவலகத் தோழி பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். பாகிஸ்தானிய எழுத்தாளர் பாப்ஸி சித்வாவின் முதல் நாவலான 'தி க்ரோ ஈட்டர்ஸ்' நூலைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். தம் மக்களைப் பற்றிய கதை என்பதால் தோழியும் மகிழ்வார் என்று நம்பி, அவருடைய பிறந்த நாளுக்கு அதையே பரிசளித்தேன். படித்து முடித்தவர், "எங்களைப் பற்றி உன் மனத்தில் இருப்பது இதுதானா?" என்று கேட்டார். அதன் பிறகு முன்போலப் பேசுவதில்லை. எழுதியவரும் பார்சிதானே, பிறகு ஏன் இந்தக் கோபம்? அந்த நாவல் உண்மையிலேயே அவர்களை இழிவுபடுத்துகிறதா? நான் தோழியிடம் என்ன சொல்ல வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: உங்கள் தோழி கேட்ட கேள்வியை அந்த நாவல் வெளிவந்த நாளிலேயே பார்சிகள் கேட்டுவிட்டார்கள், அதுவும் இன்னும் கடுமையாக. 1978இல் லாகூரில் ஒரு ஹோட்டலில் நூலின் வெளியீட்டு விழா நடந்தபோது வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மிரட்டியவர் தம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே என்பதைச் சித்வா பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அவர் முதலில் எழுதிய நாவல் இதுவன்று. மலைநாட்டுப் பழங்குடியினருக்கு மணமுடித்துக் கொடுக்கப்படும் ஒரு பெண்ணின் கதையான 'தி ப்ரைட்' அதற்கு முன்பே எழுதப்பட்டு, 1983இல்தான் அச்சேறியது. ஆங்கிலப் புனைகதையை வெளியிட முன்வரும் பதிப்பகம் அன்றைய பாகிஸ்தானில் இல்லாத நிலையில், 'க்ரோ ஈட்டர்ஸ்' நூலை அவர் தம் சொந்தச் செலவில் லாகூரில் அச்சிட்டார். லண்டனின் ஜொனாதன் கேப் பதிப்பகம் 1980இல் அதை எடுத்துக்கொண்ட பிறகே வெளியுலகம் அவரை அறிந்தது. ஆகவே அந்த நாவலின் முதல் வாசகர்கள் லாகூர்க்காரர்கள். அவர்களில் மிகவும் காயப்பட்டவர்கள் சித்வாவின் உறவினர்களையும் குடும்ப நண்பர்களையும் அறிந்த பார்சிகள்.

அவர்கள் படித்தது எதை என்று பாருங்கள். இருபத்துமூன்று வயதான ஃபரிதூன் ஜங்கிள்வாலா, கர்ப்பிணி மனைவியையும் கைக்குழந்தையையும் விதவையான மாமியார் ஜெர்பானுவையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மத்திய இந்தியாவிலிருந்து பஞ்சாபுக்குப் பிழைக்கப் போகிறான். லாகூரில் கடை வைக்கிறான்; வெள்ளைக்கார அதிகாரிகளைப் புகழ்ச்சியில் குளிப்பாட்டிக் காரியம் சாதிக்கிறான்; கடைக்குக் காப்பீடு எடுத்து, காப்பீட்டுப் பணமும் கிடைக்க வேண்டும், மாமியாரின் தொல்லையும் ஒழிய வேண்டும் என்று தானே தீ வைக்கிறான். பணம் வந்து சேர்கிறது, மாமியார் பிழைத்துக்கொள்கிறாள். அன்றைய பார்சிக் குடும்பங்கள் பிறரிடம் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டவை நேர்மை, கொடைத்தன்மை, கல்வி, நாணயமான வணிகம் ஆகியவைதாம். கராச்சியிலும் மும்பையிலும் அவர்கள் எழுப்பிய மருத்துவமனைகளும் பள்ளிகளும் அதற்குச் சாட்சி. அப்படிப்பட்டவர்களைப் பற்றி முதன்முதலாக ஒரு பாகிஸ்தானிய நாவல் வருகிறது. அதன் நாயகன் காப்பீட்டு மோசடிக்காரன், அதை எழுதியவர் தங்கள் வீட்டுப் பெண். போதாக்குறைக்குத் தலைப்பே, ஓயாமல் வாயடிப்பவர்கள் என்று பார்சிகளைப் பிறர் கிண்டல் செய்த பட்டப்பெயர்.

காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கோபத்தின் கனம் புரியும். 1977 ஏப்ரலில் பாகிஸ்தான் பிரதமர் பூட்டோவின் அரசு முஸ்லிம்களுக்கு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஜூலையில் இராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். மது வணிகத்தில் நெடுங்காலம் இருந்தவர்கள் பார்சிகள். மர்ரி மதுவடிப்பாலையை நடத்திய பண்டாரா குடும்பத்தில் பிறந்தவர்தாம் சித்வா. இராணுவச் சட்டத்தின் கீழ், மத அடையாளம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய மக்களுக்குப் பாதுகாப்பு என்று இருந்தவை நற்பெயரும், யார் கண்ணையும் உறுத்தாமல் வாழும் பழக்கமுமே என்பது என் கணிப்பு. ஜங்கிள்வாலாவைப் போன்ற ஒரு பெரியப்பா தங்கள் வீட்டிலும் இருந்தார் என்பதை அவர்களில் பலர் தனிமையில் சிரித்தபடியே ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பு மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டதே என்பதுதான் அவர்களுடைய அச்சம்.

யார் காதில் விழுகிறது என்பதே ஒரு நாவலின் குற்றத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு அதே நாட்டில் நேரெதிரான சான்று ஒன்றும் உண்டு. விமானப்படையில் பணியாற்றிப் பின்னர் பத்திரிகையாளரான முகமது ஹனீஃபின் முதல் நாவல், 1988 ஆகஸ்டு 17 அன்று பஹவல்பூர் அருகே விமானம் விழுந்து ஜியா இறந்ததைப் பகடி செய்து 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. இராணுவத்தையும் சர்வாதிகாரியையும் அப்படிக் கேலி செய்த நூல் பத்தாண்டுகளுக்கு மேல் பாகிஸ்தான் கடைகளில் தடையின்றி விற்றது. 2019இல் அதன் உருது மொழிபெயர்ப்பு வெளியான பிறகுதான் ஜியாவின் மகன் அவதூறு வழக்கறிவிப்பு அனுப்பினார். 2020 ஜனவரியில் உளவுத்துறையினர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் கராச்சிப் பதிப்பகத்திலிருந்து பிரதிகளை அள்ளிச் சென்றதாக ஹனீஃப் தெரிவித்தார். ஆங்கிலத்தில் சிலர் சிரித்தால் அதிகாரத்துக்குக் கவலையில்லை, தெருவே சிரிக்கும்போதுதான் கோபம் வருகிறது. சித்வாவின் பார்சிகளுக்கோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே கவலை, ஏனெனில் அதை வெளியாரும் படிக்க முடியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நாவல் அவர்களை இழிவுபடுத்துவதாக நான் கருதவில்லை. கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் அதை மனமாரப் பாராட்டினார். சுருங்கிவரும் தம் சமூகத்தின் மீதுள்ள அன்பினாலேயே எழுதியதாகச் சித்வாவும் கூறினார். அந்த அன்பு ஜெர்பானுவிடம் தெரிகிறது. பெருந்தீனிக்காரியான, ஊரையே ஆட்டிப்படைக்கும் அந்தக் கிழவியை வெறுக்கும் எழுத்தாளரால் அவளுக்கு இவ்வளவு உயிர் கொடுத்திருக்க முடியாது. ஆனால் எல்லாப் பக்கங்களையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலவில்லை. லண்டன் பயணத்தில் வரும் குளியலறைக் கூத்து தேவைக்கு மேல் நீள்கிறது. அங்கே சிரிப்பு ஜெர்பானுவோடு சேர்ந்து சிரிப்பதிலிருந்து நழுவி, அவளைப் பார்த்து ஆங்கிலேயர் சிரிப்பதாக மாறிவிடுகிறது. மகன் யஸ்தி ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணைக் காதலிக்கும்போது இரத்தத் தூய்மை பேசி ஃபரிதூன் அதைக் குலைக்கும் பகுதியோ முற்றிலும் வேறு வகை. சமூகத்துக்கு வெளியில் மணமுடித்த பெண்ணுக்குப் பார்சிகளின் வழிபாட்டிடமான அக்னி ஆலயத்தில் இடமுண்டா, அவளுடைய பிள்ளைகள் பார்சிகளா என்பவை இன்றைய மும்பையிலும் வீடுகளைப் பிரிக்கும் வழக்குகள். நீங்கள் சிரித்துக் கடந்த அந்த அத்தியாயத்தில் உங்கள் தோழியின் அக்காவோ அத்தையோ இருந்திருக்கலாம்.

ஆகவே, "எழுதியவரே பார்சி" என்ற வாதத்தைத் தோழியிடம் எடுக்காதீர்கள். அது அவருக்குத் தெரியாத செய்தியன்று, ஆறுதலும் தராது. தம் வீட்டுப் பெண் சொன்னதைக் காட்டிலும், அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள் என்பதும், அதைப் பிறந்த நாள் பரிசாகக் கட்டிக் கொடுத்தீர்கள் என்பதுமே அவரை உறுத்துகின்றன. நாவல் நல்ல நாவல் என்று நிறுவ முயல்வதும் வேண்டாம். அதற்கு உங்கள் வக்காலத்து தேவையில்லை. எந்தப் பகுதி அவரை வருத்தியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருங்கள். நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மாமியாரின் அட்டகாசம் உங்கள் சொந்தக்காரர் ஒருவரை நினைவுபடுத்தியது என்றால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. பார்சிகள் வேடிக்கையான மக்கள் என்ற எண்ணத்தில் சிரித்திருந்தால் அதையும் உங்களுக்குள்ளாவது ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இருவரும் மீண்டும் அந்த நூலைப் பற்றிப் பேசும் நிலை வந்தால் கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்து படிக்கலாம். விடுதலை நெருங்கும் காலத்தில் சாகக் கிடக்கும் ஃபரிதூன், இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என யார் ஆண்டாலும் நாம் இருக்கும் இடத்திலேயே இருப்போம் என்று தன் குடும்பத்தாரிடம் சொல்கிறான், அதையும் ஒரு கெட்ட வார்த்தையோடுதான் சொல்கிறான். சிறுபான்மையினர் நாடு பிரியும்போது என்ன நினைத்தார்கள் என்பதை அவ்வளவு அப்பட்டமாக எழுதிய பக்கங்கள் குறைவு. சித்வா 1988இல் எழுதிய 'ஐஸ்-கேண்டி-மேன்' அந்த இடத்திலிருந்தே தொடர்கிறது. இளம்பிள்ளைவாதத்தால் கால் ஊனமுற்ற ஒரு பார்சிச் சிறுமியின் கண்ணில் லாகூர் எரிவதைக் காட்டும் அந்த நாவலை நீங்கள் வாங்கிப் படியுங்கள். தோழிக்கு அதைப் பரிசாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், இந்த முறை முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.